ஆரபிக்கு முப்பத்தொன்று

ஆரபியின் பெயருக்கு நேரே முப்பத்தொன்று என்று வந்தபோது, இது வேறு யாரோ ஒரு பிள்ளையின் புள்ளி, திரையில் வரிசை மாறிவிட்டது என்றுதான் தயாபரன் முதலில் நினைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார். ஆரபி சிவநேசன், வயது பதினெட்டு, ஸ்காபரோ, தடுப்பு ஆட்டக்காரி. முப்பத்தொன்று. போன கிழமை அது எழுபத்தொன்று. ஏழு நாளில் ஒரு பிள்ளையின் நாற்பது புள்ளி எங்கே போகும்?

எங்கே போனது என்று அவருக்குத் தெரியும்.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்லவேண்டும். பெண்களுக்கான தொழில்முறை ஐஸ் ஹொக்கி லீக்கில் எட்டுக் கழகங்கள். ஆண்டுக்கொரு முறை, ஜூன் மாதத்தில், புதிய பிள்ளைகளைத் தெரிவு செய்கிற நாள் வரும். கழகங்கள் முறை வைத்து ஒவ்வொரு பெயராகச் சொல்லி எடுக்கும். முன்பெல்லாம் இதற்காகவே அரீனா அரீனாவாகத் திரிந்து, குளிரில் விறைத்து, பிள்ளைகளைப் பார்த்து எடைபோடும் மதிப்பீட்டாளர்கள் இருந்தார்கள். கழகத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். இப்போது கழகத்துக்கு ஒராள். மிச்ச வேலையை மத்திய மதிப்பீட்டகத்தில் இருக்கிற ஒரு கொம்பியூட்டர் செய்கிறது. எலும்புப் படம், இரத்தம், ஐந்து வயதிலிருந்து பனியில் வைத்த ஒவ்வொரு அடியின் பதிவு, எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, அது அந்தப் பிள்ளையைத் தனக்குள்ளே முப்பது வயது வரைக்கும் வளர்த்துப் பார்க்கும். ஒருதரம் இல்லை, இலட்சம் தரம். எந்த வயதில் முழங்கால் போகும், எந்த வருடம் வேகம் குறையும் என்றெல்லாம் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒற்றை எண்ணைத் துப்பும். நூற்றுக்கு இவ்வளவு. நாற்பதுக்குக் கீழே என்றால் காப்புறுதிக்காரன் கையெழுத்து வைக்கமாட்டான்; காப்புறுதி இல்லாத பிள்ளையை எந்தக் கழகமும் எடுக்க ஏலாது.

அந்தக் கொம்பியூட்டருக்கு நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்று இருந்தது. எதிர்காலம் பார்த்துச் சொல்கிறபடியால் தயாபரன் அதற்குச் சாத்திரியார் என்று பெயர் வைத்திருந்தார்.

சாத்திரியாருக்குப் பிடிபடாதது ஒன்றுதான், பிள்ளையின் மனது. ஆறு கோல் பின்னால் நிற்கும்போது அவள் என்ன செய்வாள் என்பது எலும்புப் படத்தில் வராது. அதற்காகத்தான் மனிதரை மிச்சம் வைத்திருந்தார்கள். எட்டு மதிப்பீட்டாளரும் தாங்கள் நேரில் பார்த்த பிள்ளைகளைப் பற்றி ஆளுக்கு ஆறு வரி எழுதிக் கொடுக்கவேண்டும். அது கழகங்களுக்குள் பொதுவில் போகும். எல்லாக் கழகமும் வாசிக்கும், சாத்திரியாரும் வாசிப்பார்.

பொதுவில் போகிற இடத்தில் எந்த விசரன் உண்மை எழுதுவான்? பிடித்த பிள்ளையைக் குறைத்து எழுது, பிடிக்காததைத் தூக்கி எழுது, மற்றவன் ஏமாந்தால் அது உன் கெட்டித்தனம். அந்தத் தொழிலின் அரிச்சுவடி அதுதான். எல்லாரும் எல்லாருடைய குறிப்பையும் பாதிக்குப் பாதி கழித்துத்தான் வாசிப்பார்கள். அரீனா வாசலில் கோப்பி குடித்தபடி, "உன் பொய்யை வாசித்தேன், நன்றாயிருந்தது" என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரிப்பார்கள். அதில் யாருக்கும் கோபம் வந்ததில்லை.

எட்டுப் பேரில் தயாபரன் மட்டும் அந்த விளையாட்டில் சேரவில்லை. அவர் ஒன்றும் மகான் இல்லை. ஒரு பிள்ளையைப் பற்றி இல்லாததை எழுத அவருக்குக் கை வராது, அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடம் உள்ளதை உள்ளபடி எழுதினார். அதன் பலன் என்ன? அவருடைய கழகத்துக்கு ஒவ்வொரு சுற்றிலும் ஆறாவது முறை. அவர் நல்லது என்று எழுதிய பிள்ளையை முன்னால் நிற்கிற ஐந்து கழகத்தில் ஏதாவது ஒன்று கொத்திக்கொண்டு போய்விடும். நாலு வருடம் தொடர்ந்து அப்படியே நடந்தது. கழகத்தின் மனேஜர் டொனா ஒருகாலத்தில் நல்ல ஆட்டக்காரி, வாயும் நல்ல கூர். "தயா, நீ மற்ற ஏழு கழகத்துக்கும் வேலை செய்கிறாய், சம்பளம் மட்டும் நான் தருகிறேன்" என்று போன வருடம் எல்லாருக்கும் முன்னால் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். தயாபரனும் சிரித்தார். ஆனால் அது உள்ளே போய்த் தைத்துவிட்டது.

அப்படியிருக்கும்போதுதான், மாசி மாதத்தில், பீற்றர்பறோவில் ஒரு பழைய அரீனாவில் ஆரபியைக் கண்டார். ஆரபியின் அணி ஆறுக்குப் பூச்சியம் பின்னால். ஆட்டம் முடிய ஒன்றரை நிமிடம். பார்க்க வந்த சனத்தில் பாதி காரை எடுக்கப் போய்விட்டது. அந்த நேரத்தில் எதிரணிக்காரி மட்டையை ஓங்கி ஒரு அடி அடிக்க, ஆரபி பாய்ந்து குறுக்கே விழுந்து, பறந்து வந்த பக்கை, அந்தக் கல்லுப் போன்ற ரப்பர் வட்டை, தொடையில் வாங்கினாள். சத்தம் மேல்வரிசை வரைக்கும் கேட்டது. எழும்பி, நொண்டிக்கொண்டு போய்க் கோல்காரியிடம் ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஆட்டம் முடிந்த பிறகு தயாபரன் போய்க் கேட்டார். "என்ன பிள்ளை சொன்னனீ அவளுக்கு?"

"ஏழு எண்டால் ஸ்கோர்போட்டில வடிவா இருக்காது எண்டு சொன்னனான் மாமா."

அந்த ஒரு நிமிடத்தில் அவருக்கு முடிவாகிவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் இப்படி மூன்று பிள்ளைகளைத்தான் கண்டிருக்கிறார். மூன்றையும் மற்றக் கழகங்கள் எடுத்துக்கொண்டன. இவளைக் கொடுக்கிறதில்லை என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்கும் போனார். தாய் சுகிர்தா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். காலைப் பயிற்சிக்கு மகளை இறக்கிவிட்டுத்தான் பதினொரு வருடமாக வேலைக்குப் போகிறாள். ரோல்ஸ் பொரித்து வைத்து, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள். "அண்ணை, எங்களுக்கு இதுகள் ஒண்டும் விளங்காது. நீங்கள் எழுதினால் எழுதினதுதான் எண்டு சனம் கதைக்குது. கூட்டியும் எழுதவேண்டாம், குறைச்சும் எழுதவேண்டாம். உள்ளதை எழுதிவிடுங்கோ, அதுவே காணும்."

"அதைத்தானே தங்கச்சி செய்யிறனான்" என்றார் தயாபரன்.

பிறகு போய்ப் பொய் எழுதினார். தான் கண்டதை எடுத்து உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பிப் போட்டார். 'ஆட்டம் கைவிட்டுப் போகும் நேரத்தில் இந்தப் பிள்ளை பக் வராத இடமாகப் பார்த்து நிற்கிறது. தெரியாமல் இல்லை, தெரிந்தே. யாரும் பார்க்காவிட்டால் இன்னும் மோசம்.' இப்படி ஆறு வரி. முதல் தடவை என்றாலும் நன்றாகத்தான் வந்தது. அவருடைய கணக்கு சின்னது. எழுபத்தொன்று அறுபதாக இறங்கும். மற்றவர்கள் தாண்டிப் போவார்கள். மூன்றாம் சுற்றில் ஆறாவது முறை வரும்போது டொனா ஆரபியின் பெயரைச் சொல்லுவாள். எல்லாரும்தானே பொய் எழுதுகிறார்கள், சாத்திரியாருக்கும் அது தெரியும்தானே, பாதிக்குப் பாதி கழித்துத்தானே வாசிப்பார் என்று தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

இப்போது முப்பத்தொன்று.

மத்திய மதிப்பீட்டகத்தில் லக்சிகா என்றொரு பொறியியலாளர் இருந்தாள். மார்க்கம் நகரத்தில் வளர்ந்த பிள்ளை, தயாபரனுக்குத் தூரத்து உறவும் கூட. மத்தியானம் அவளுடைய மேசைக்கு முன்னால் போய்க் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"என்ர குறிப்பு ஒண்டுக்கு நாப்பது புள்ளியோ? மற்ற ஆக்கள் எவ்வளவு பொய் எழுதுகினம், ஒண்டு ரெண்டுதானே இறங்கும்?"

லக்சிகா திரையில் எதையோ தேடிப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "தயா அண்ணை, எல்லாருக்கும் ஒரே நம்பிக்கை இல்லை. நீங்கள் எழுதினதையும், பிறகு அந்தப் பிள்ளையள் உண்மையா எப்பிடி விளையாடினவை எண்டதையும் அது பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பார்க்கும். ஆர் பொய்க்காரன், ஆர் இல்லை எண்டு தானாவே படிச்சு வைச்சிருக்குது. மற்ற ஏழு பேருக்கும் நூற்றுக்குப் பத்து, பன்ரெண்டு. அதில ஒராளுக்கு மட்டும் இருபது."

"எனக்கு?"

"தொண்ணூற்றாறு."

சீ, மனித மனம் என்ன மனமோ! அந்தக் கணத்திலும் தயாபரனுக்கு ஒரு சந்தோசம் வந்தது. வாழ்நாளில் அவருக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அது. இருபத்திரண்டு வருடம் யாருக்கும் தெரியாமல் உண்மை எழுதியதை யாரோ ஒருவர் வரி வரியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அடுத்த கணம் ஆரபியின் முப்பத்தொன்று நினைவுக்கு வந்தது.

"அது பொய், பிள்ளை. நான் பொய் எழுதிப்போட்டன்."

லக்சிகா எழும்பினாள். கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தாள்.

"அழிக்கலாம்தானே?"

"அழிக்கலாம். உங்கட குறிப்பைத் திறந்து, பொய் எண்டு எழுதி, ஒரு பட்டனை அமத்தினால் சரி. ஆரபி திரும்ப எழுபத்தொண்டுக்குப் போவாள்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனால் நீங்களும் பொய் எழுதுற ஆள் எண்டு அதுக்குத் தெரிஞ்சிடும். உங்கட தொண்ணூற்றாறு பத்துக்கு வரும். இந்த வருசம் நல்லதா எழுதின பிள்ளையள் இருக்கினமே, அவையின்ர புள்ளியும் சேர்ந்து இறங்கும். இருங்கோ, பார்க்கிறன்." விரலால் எண்ணினாள். "ஒன்பது பேர் நாப்பதுக்குக் கீழ போயிடுவினம். உங்கட சொல்லாலதான் அவை மேல நிக்கினம்."

"இவளை மட்டும் எப்பிடியாவது..."

"அதுக்குள்ள கை வைக்க எனக்கு வழி இல்லை அண்ணை. நான் சொல்லிக் குடுத்ததில்லை, அது தானாப் படிச்சது." அவளுடைய குரல் இறங்கிவிட்டது. "இன்னும் அஞ்சு நாள் இருக்குது. நீங்கள்தான் யோசிக்கோணும்."

ஐந்து நாளும் தயாபரன் யோசித்தார். அந்த ஒன்பது பிள்ளைகளின் முகமும் அவருக்குத் தெரியும். ஒருத்தி நியூபவுண்ட்லாந்தில் மீன்பிடிக்கிறவரின் மகள். உயரம் போதாது என்று சாத்திரியார் தள்ளி வைத்தவள். இன்னொருத்தி முழங்காலில் இரண்டுதரம் சத்திரசிகிச்சை செய்தும் திரும்பி வந்தவள். அவர்களைப் பற்றி எழுதியது சத்தியமான உண்மை. ஒரு பிள்ளைக்காக ஒன்பது பிள்ளையைத் தள்ளிவிடுவதா? இந்தக் கேள்வியை அவர் காரில் கேட்டார், குளிக்கும்போது கேட்டார், மனைவி சாப்பாட்டைப் போட்டுவிட்டுக் கூப்பிடும்போதும் கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல கேள்விதான். ஆனால் அதற்குப் பின்னால் இன்னொன்றும் ஒளிந்திருந்தது என்பதை மறைக்கக் கூடாது. தொண்ணூற்றாறு பத்தாக இறங்குவதைப் பார்க்க அவருக்கு மனமில்லை. ஒன்பது பிள்ளைகளும் இல்லாவிட்டால் அழித்திருப்பாரா என்று பின்னொருநாள் அவரே தன்னைக் கேட்டுப் பார்த்தார். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

நாலாம் நாள் டொனாவிடம் போய்த் தான் பொய் எழுதியதை வாயால் சொன்னார். காப்புறுதிக்காரனோடு பேசி விலக்கு வாங்கலாமா என்று கேட்டார். டொனா கடைசி வரைக்கும் கேட்டாள்.

"தயா, நீ இவ்வளவு காலத்தில் ஒரு பிள்ளைக்காகவும் என்னிடம் வந்து கெஞ்சியதில்லை. இந்தப் பிள்ளை உங்கள் ஆள், பாவம் பார்க்கிறாய், எனக்கு விளங்குகிறது."

"பாவம் இல்லை. நான் எழுதியது பொய்."

"பொய் என்றால் போய் அழித்துவிட்டு வா, முதல் சுற்றிலேயே எடுக்கிறேன். அழிக்கமாட்டாய் என்றால் அது பொய் இல்லை."

தயாபரன் ஒன்பது பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வாய் எடுத்தார். சொன்னால் டொனா அந்த ஒன்பதையும் சந்தேகப்படுவாள். அதை விழுங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

தெரிவுநாள் மொன்றியலில் நடந்தது. ஆறு சுற்று, நாற்பத்தெட்டுப் பெயர். புள்ளி இறங்கியது பிள்ளைகளுக்குச் சொல்லப்படுவதில்லை என்பதால் ஆரபியின் வீட்டார் வந்திருந்தார்கள். சுகிர்தா பச்சைப் பட்டுச்சேலை உடுத்து, தமக்கை குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு ஏழாம் வரிசையில் இருந்தாள். ஆரபி புதுக் கோட்டுப் போட்டு நடுவில் இருந்தாள். முதல் சுற்றில் அவளுடைய பெயர் வரவில்லை. இரண்டாம் சுற்றில் நியூபவுண்ட்லாந்துப் பிள்ளை எழும்பித் தகப்பனைக் கட்டிப்பிடித்து அழுதது. ஆரபி அதற்குக் கை தட்டினாள். மூன்றாம் சுற்றில் ஆறாவது முறை வந்தபோது டொனா வேறொரு பெயரைச் சொன்னாள். அதற்கும் ஆரபி கை தட்டினாள். நாற்பத்தெட்டாவது பெயர் வரைக்கும் அவள் எல்லாருக்கும் கை தட்டினாள். தயாபரன் மேசைக்குக் கீழே தன் போனைப் பிடித்தபடி இருந்தார். குறிப்பு திறந்திருந்தது. கடைசிச் சுற்று வரைக்கும் நேரம் இருந்தது. அவர் விரலை வைக்கவில்லை.

ஒன்பது பிள்ளைகளும் எடுபட்டார்கள். அதை நினைத்துச் சந்தோசப்படத்தான் முயன்றார், முடியவில்லை. சனம் கலையும்போது சுகிர்தா அவரைத் தாண்டிப் போனாள். கோபிக்கவில்லை, மரியாதையாகத் தலையை அசைத்துவிட்டுப் போனாள்.

எடுபடாத பிள்ளைகளுக்கு இரண்டு நாள் கழித்துக் குறிப்புகளை எழுதியவர் பெயரோடு திறந்துவிடுவார்கள். வாசித்துத் திருந்துவதற்காம்.

ஜூலை கடைசியில் ஒன்பது பிள்ளைகளின் ஒப்பந்தமும் கையெழுத்தாகிவிட்டது. இனி யாருடைய புள்ளி இறங்கினாலும் அவர்களை ஒன்றும் செய்ய ஏலாது. அன்றைக்கே தயாபரன் ஸ்காபரோவுக்குக் காரை எடுத்தார். முதலில் ஆரபியிடம் சொல்வது, பிறகு போய் அழிப்பது. அடுத்த வருடமும் அவள் தெரிவுக்கு நிற்கலாம். வயது இருக்கிறது, கால் இருக்கிறது.

அவள் அரீனாவில்தான் இருந்தாள், ஆனால் பனியில் இல்லை. வாடகைக்குச் சறுக்குச் சப்பாத்துக் கொடுக்கிற கவுண்டருக்குப் பின்னால் நின்றாள். அவரைக் கண்டதும் முகம் மலர்ந்து, "வாங்கோ மாமா" என்றாள். அந்த மலர்ச்சி அவரை இன்னும் சுட்டது.

"பயிற்சிக்குப் போறேல்லையோ பிள்ளை?"

"விட்டிட்டன். செப்டெம்பரில பல்லுச் சுத்தம் செய்யிற படிப்புக்குச் சேர்ந்திட்டன்." ஒரு பிள்ளையின் ஈரச் சப்பாத்தை வாங்கித் தட்டில் வைத்தாள். "உங்களுக்குத்தான் தாங்ஸ் சொல்லோணும். எல்லாரும் எனக்குச் சும்மா புழுகிக்கொண்டிருந்தவை."

"ஆரபி, நான் எழுதினது பொய்."

அவள் சிரித்தாள். தயாபரன் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். மற்றக் கழகங்கள் கொத்திக்கொண்டு போவது, டொனா சொன்னது, மூன்றாம் சுற்றுக் கணக்கு, தொண்ணூற்றாறு, ஒன்பது பிள்ளைகள், ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடிக்கும்போது அழுதேவிட்டார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ரிஷ்யூப் பெட்டியை அவர் பக்கம் தள்ளிவைத்தாள்.

"மாமா, உங்கட குறிப்பை வாசிச்ச பிறகு என்ர மூண்டு வருச வீடியோவையும் இருந்து பார்த்தனான். நீங்கள் சொன்னது சரி. பதினொரு இடத்தில நான் பக் வராத பக்கம் நிக்கிறன். எனக்கே தெரியாது."

"ஆரின்ர வீடியோவை எடுத்தாலும் பதினொரு இடம் வரும் பிள்ளை! மூண்டு வருசத்தில பதினொண்டு! பீற்றர்பறோவில நீ குறுக்க விழுந்ததை நான் என்ர கண்ணால கண்டனான்."

"அதையும் பார்த்தனான். அது விழேல்லை மாமா, சறுக்கினது. சறுக்கிப் போய் பக்கில பட்டது. ஸ்லோமோஷனில வடிவாத் தெரியுது."

இருபத்திரண்டு வருடம் பிள்ளைகள் விழுவதையும் சறுக்குவதையும் பார்த்த கண் தயாபரனுடையது. அவள் சறுக்கவில்லை. அதை இந்த உலகத்தில் அவரைவிட நிச்சயமாகச் சொல்லக்கூடிய ஆள் இல்லை.

"நான் இப்பவே போய் அதை அழிக்கிறன். பொய் எண்டு எல்லாருக்கும் எழுதுறன். அடுத்த வருசம் நீ நில்லு."

"வேண்டாம் மாமா." அவள் கவுண்டரைச் சுற்றி வெளியே வந்து அவருடைய கையைப் பிடித்தாள். தொடையில் பக் வாங்கிய பிள்ளையின் கை, சூடாக இருந்தது. "நீங்கள் எனக்காகப் பாவம் பார்க்கிறீங்கள் எண்டு விளங்குது. அம்மாவும் அழுதவ. ஆனா அம்மா சொன்னவ, இந்தத் தொழிலில இவ்வளவு காலமா ஒரு பொய் எழுதாத ஆள் நீங்கள் மட்டும்தானாம். எனக்காகப் போய் முதல் பொய்யை எழுதாதேங்கோ."

அவர் எதைச் சொன்னாலும் அவள் அதை அன்பு என்றுதான் எடுத்துக்கொள்வாள். அதற்குள் ஒரு தகப்பன் இரண்டு சின்னப் பெண்பிள்ளைகளோடு கவுண்டருக்கு வந்து நின்றான். ஆரபி அவருடைய கையை ஒருமுறை இறுக்கிப் பிடித்துவிட்டு உள்ளே போய், பிள்ளைகளின் காலைப் பார்த்து என்ன அளவு என்று கேட்டாள்.